மீன்வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி: கூடை கட்டிய விதமும் கவனிக்கும் விதமும்

ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் போய்விட்டால் கண்ணில் படாது, கண்ணில் படாததை யாரும் கவனிப்பதும் இல்லை. பஞ்சராகிற நாளில் குனிந்து பார்த்தால் நட் சுழலாது, கேபிள் இற்றுப்போயிருக்கும். அடித்துப் பிடித்து இறக்கினால் டயரில் காற்று இருக்காது. ஆகவே இந்த வேலையில் எடுத்த ஒவ்வொரு அளவும் ஒரே கேள்வியை வைத்து எடுத்தது. பின்சக்கரம் பஞ்சர், வண்டியில் முழு லோடு, மழை, ஒரே ஆள், கையில் இருப்பது வண்டியின் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் மட்டும். அப்போது இறங்குமா?

வண்டி, குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் ஏற்றிக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் ஓடுகிற மூடிய வேன். ஏணிச் சேஸிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம், டயர் 215/75 ஆர்15. கூடவே வந்த கேபிள் வின்ச் துருவில் இறுகிப்போனதால் அதைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் கீலும் பின்பக்கம் இரண்டு நட்டும் தாங்குகிற இரும்புக் கூடை கட்டினோம். ஸ்டெப்னி அதன் மேல் படுத்துக் கிடக்கும், நட்டைக் கழற்றினால் கூடையின் பின்பக்கம் தரைக்கு இறங்கும்.

போகிற போக்கில் ஒன்று: ‘ஸ்டெப்னி’ உதிரிச் சக்கரத்துக்கான பொதுச்சொல்லே அல்ல, ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் விற்கத் தொடங்கிய உதிரிச் சக்கரத்துக்கு அந்தப் பெயர். அதில் ஆரக்கால் கிடையாது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இதைக் கவ்வி மாட்டி ஓட்டிப்போவார்கள். அந்தச் சாமான் போய் நூறு வருஷமாகப் போகிறது, நம் ஊர்களில் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பழைய வின்ச் எதனால் செத்தது

வின்ச்சின் வேலை எளிது. பின்பம்பர் ஓட்டை வழியாக லிவரை விட்டுச் சுற்றினால் உள்ளே பல்சக்கரம் கேபிளைச் சுருட்டும். கேபிள் நுனியில் உள்ள தட்டு ரிம்மின் நடு ஓட்டையில் குறுக்காக உட்கார்ந்து சக்கரத்தைத் தூக்கும். முழுக்க ஏறியதும் உள்ளே கிளட்ச் வழுக்கி ‘டக் டக்’ என்று சத்தம் கொடுக்கும். ஆள் ஏற்றுகிற வேனுக்கு இது நல்ல ஏற்பாடு. அதன் சத்துரு உப்புத்தண்ணீர்.

கழற்றிய வின்ச்சில் கேபிள் வெளிப்பார்வைக்குப் புதுசு மாதிரி இருந்தது. மேலே கருப்புப் பிளாஸ்டிக் உறை. நுனித் தட்டு சேரும் இடத்தில் உறையைப் பிளேடால் கீறிப் பிரித்தால் உள்ளிருந்து கம்பிக்குப் பதில் செங்கல் பொடி கொட்டியது. விரல் நீளத்துக்கு இழைகள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. உறை மழையைத் தடுக்கும் என்றுதான் போடுகிறார்கள். ஆனால் நுனியில் ஒரு மயிரிழை இடைவெளி போதும், மீன்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், பிறகு காய வழியே இல்லை. உறை போட்ட கேபிளைக் கண்ணால் பார்த்து நம்பக்கூடாது. நுனியை வளைத்துப் பார்க்க வேண்டும். மொரமொரவென்று சத்தம் வந்தாலோ, ஒரு இடத்தில் மட்டும் மடங்கினாலோ மாற்ற வேண்டியதுதான்.

கிளட்ச் தேய்ந்தால் இன்னொரு ஏமாற்று நடக்கும். சக்கரம் முழுக்க ஏறும் முன்பே ‘டக் டக்’ கேட்கும். சத்தத்தை நம்பி நிறுத்தினால் சக்கரம் இரண்டு விரற்கடை தொங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு குழியிலும் கேபிளை வெட்டி இழுக்கும். அதனால் சத்தம் வந்த பிறகும் சக்கரத்தைக் காலால் எத்திப் பார்க்க வேண்டும். வண்டி ஆட வேண்டும், சக்கரம் தனியாக ஆடக்கூடாது. நடுத்தட்டு ஓட்டையில் சாய்ந்து மாட்டியிருந்தாலும் இதே கதைதான். சக்கரம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அப்படியானால் இறக்கி, தட்டை நேராக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இன்னும் நாலு சுற்று இறுக்கினால் நேராகிவிடாது.

ஆள் வண்டியாக இருந்தால் புது வின்ச்சே போட்டிருக்கலாம். மீன்வண்டிக்கு அசைகிற பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கூடையில் அசைவது ஒரு கீலும் இரண்டு நட்டும்தான், மூன்றும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கின்றன.

அளவு: பஞ்சரான நிலையில் எடுக்க வேண்டியது

215/75 ஆர்15 என்றால் ரிம் 15 இஞ்ச், அதாவது 38.1 செ.மீ. டயர்ச் சுவர் 215-ல் 75 சதவீதம், 16.1 செ.மீ. இரண்டு சுவரும் சேர்ந்தால் மொத்த விட்டம் 70.4 செ.மீ., பருமன் 21.5 செ.மீ. ரிம்மோடு எடை சுமார் 25 கிலோ. சேஸிஸின் இரண்டு நீளச் சட்டத்துக்கும் நடுவே 78 செ.மீ. இருந்ததால் சக்கரம் பக்கத்துக்கு 3.8 செ.மீ. விட்டு உள்ளே அடங்கியது. சட்டத்துக்கு நடுவே அடங்காத வண்டியில் அதற்குக் கீழேதான் தொங்கும், தரை இடைவெளி அந்த அளவுக்குக் குறையும்.

முன்பின் இடத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டை ஸ்பிரிங் லோடில் நிமிரும்போது நீளும். ஸ்பிரிங்கின் முன்கண் நிலையாக, பின்கண் ஷாக்கிள் என்கிற தொங்கு இணைப்பில் ஆடுகிற அமைப்பில் ஆக்ஸில் மேலே போவதோடு கொஞ்சம் பின்னாலும் வரும். காலி வண்டியில் அளந்து கூடை கட்டினால் லோடு ஏற்றிக் குழியில் விழும்போது டிப்ரன்ஷல் மூடி கூடையில் முட்டும். லோடோடு அளந்து 10 செ.மீ. விட வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிள் தொங்குகிற வளைவுக்கும் இடம் கணக்கில் இருக்கட்டும்.

சைலன்சர் பைப்புக்கும் டயருக்கும் குறைந்தது 10 செ.மீ. வேண்டும். இல்லையென்றால் நடுவே 1 மி.மீ. அலுமினியத் தகடு. தகடு இரண்டு பக்கமும் ஒட்டாமல் காற்றோட்டத்தோடு நிற்க வேண்டும், பைப்போடு ஒட்டிவிட்டால் அதுவே சூட்டைக் கடத்தும்.

இனி முக்கியமான அளவு. பின்சக்கரம் ஒன்று முழுக்கக் காற்றிறங்கினால் அந்தப் பக்கம் சுமார் 10 செ.மீ. தாழும். லோடில் பம்பரின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 38 செ.மீ. இருந்தது. ஒரு பக்கப் பின்டயரில் காற்றை இறக்கிவிட்டு நடுவில் அளந்தால் 32 செ.மீ. சக்கரம் படுத்தபடி வெளியே வர 21.5 போதும் என்று தோன்றும். போதாது. கூடை சாய்வாக இறங்குவதால், சக்கரம் பாதி வெளியே வருகிற கட்டத்தில் அதன் மேல்முகம் பம்பருக்கு நேரே 28 செ.மீ. வரை எழும்பும். 32-ல் 4 செ.மீ. மிச்சம், அதனால் இந்த இடம் தேறியது. உங்கள் வண்டியில் 28-க்குக் குறைந்தால் கூடையைப் பின்னால் இறக்காமல் பக்கவாட்டில் இழுக்கிற மாதிரி கட்ட வேண்டும். காற்று நிறைந்த டயரோடு ஒர்க்‌ஷாப் தரையில் அளந்துவிட்டுச் சரி என்று சொல்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற தப்பு.

டயரின் மேல்முகம் உட்காரும் இடம் தரையிலிருந்து 54 செ.மீ. அதில் டயர் 21.5, கூடை 4 போக 28.5 செ.மீ. அடியில் மிச்சம். வேகத்தடைக்குச் சாலைத் தரம் சொல்லும் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். ஊருக்குள் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிற மேடுகள் அந்தத் தரத்தைப் படித்தவை அல்ல. 25 செ.மீ.க்குக் குறையாமல் வைத்துக்கொண்டால் குலசேகரம், அருமனைப் பக்கத்து மேட்டு ரோடுகளிலும் உரசாது.

இரும்பு வேலை

கூடை ‘யூ’ வடிவம். 1 இஞ்ச் நடுத்தர கனப் பைப் 2.1 மீட்டர்: இரண்டு கை 75 செ.மீ., பின்பக்கம் 60 செ.மீ. மேலே குறுக்காக 40×6 பட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 60 செ.மீ. பைப் மீட்டருக்கு சுமார் 2.4 கிலோ, பட்டை 1.9 கிலோ, ஆகக் கூடை ஏழரைக் கிலோவுக்குள் நின்றது. பைப்பும் பட்டையும் மார்த்தாண்டம் பக்கத்து ஆக்கர் (பழைய இரும்பு) கடைகளில் நல்லதாகவே கிடைக்கும், ஆனால் போல்ட்டும் நட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். துரு ஏறாது என்று ஜி.ஐ. பைப் எடுத்தால் வெல்டிங் செய்கிற இடத்தில் இரண்டு இஞ்ச் தூரத்துக்குத் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் வெல்டு வைத்தால் ஜாயின்டில் பொத்தல் விழும், அந்த வெள்ளைப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

பைப் வாயை அப்படியே விடக்கூடாது, மணலும் தண்ணீரும் உள்ளே போய்த் தங்கும். நுனியைத் தகடு வைத்து அடைத்து, தாழ்ந்த இடத்தில் 8 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுவிட வேண்டும். அடைப்பு தண்ணீர் புகாமல் இருக்க, ஓட்டை புகுந்தது வெளியேற.

கீலுக்கு 16 மி.மீ. பளபளப்புக் கம்பி 66 செ.மீ., இரண்டு முனையிலும் ஸ்பிளிட் பின். கம்பி நுழையும் ஓட்டை 17 மி.மீ. 16.2 என்று கச்சிதமாகப் போட்டால் முதல் மழைக்காலத்திலேயே துரு வீங்கிக் கீல் பிடித்துக்கொள்ளும். கம்பியைத் தாங்க 50×50×6 ஆங்கிளில் 26 செ.மீ. நீளத் தொங்கு கால் இரண்டு, அவை சேஸிஸின் குறுக்கே போட்ட 75×40 சி சேனலில் உட்காரும்.

சேஸிஸில் வெல்டிங் வைக்கவில்லை. நீளச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகள்தான் லோடின் இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்குகிறவை. அங்கே வெல்டு வைத்தாலோ ஓட்டை போட்டாலோ விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். நிமிர்ந்து நிற்கும் பக்கச்சுவரின் நடு உயரத்தில், ஏற்கனவே இருக்கிற ஓட்டையைப் பயன்படுத்துவது உத்தமம். புது ஓட்டை தவிர்க்க முடியாது என்றால் அதே நடுவரிசையில், சட்டத்துக்குப் பின்னால் பிரேக் பைப்போ வயரிங்கோ இல்லை என்று கைவைத்துப் பார்த்த பிறகு. சி சேனலைப் பக்கத்துக்கு இரண்டு எம்12, 8.8 கிரேடு போல்ட், பிளைன் வாஷர், நைலாக் நட் போட்டு 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியது. ஏணிச் சேஸிஸ் இல்லாத, தரைத் தகடே உடம்பாக உள்ள வேன்களில் தகட்டில் நேராகப் போல்ட் போட்டால் ஆறு மாதத்தில் பிய்த்துக்கொண்டு வரும். மேலே 100×100×4 தகடு வைத்து பாரத்தைப் பரப்ப வேண்டும்.

வெல்டிங் முழுவதும் கூடையைக் கீழே வைத்தே முடித்துவிட்டால் நல்லது. வண்டியிலேயே பொட்டு வைத்தாக வேண்டும் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கவ்வ வேண்டும். டீசல் டேங்க் பக்கம் பொறி பறக்காமல் ஈரச் சாக்கு.

பின்பக்கம் கூடையைத் தாங்குவது இரண்டு எம்14 கண் போல்ட், 35 செ.மீ. இடைவெளியில், மேலே குறுக்குச் சட்டத்தில் ஆடுகிற மாதிரி. கூடையின் பின்பைப்பிலிருந்து உள்பக்கமாக வெல்டு வைத்த தகட்டில் வாய் திறந்த பள்ளம். போல்ட் அந்தப் பள்ளத்தில் விழும், கீழிருந்து நட் ஏறும். இந்த இரண்டு போல்ட்டும் டயரிலிருந்து 1 செ.மீ. விட்டு நிற்பதால் சக்கரம் பின்னால் நழுவாமல் அவையே தடுக்கும். முன்னாலும் பக்கத்திலும் 20 மி.மீ. கம்பித் துண்டு மூன்று போதும்.

எம்14 எதற்கு, எம்12 போதாதா? பலத்துக்கு எம்12 தாராளம். 8.8 கிரேடு எம்12 ஒன்று சுமார் 5 டன் இழுப்பு வரை நீளாது. இங்கே தொங்குவது கூடையும் சேர்த்து 33 கிலோவுக்குள், குழியில் நாலு மடங்கு அடி விழுந்தாலும் 130 கிலோவைத் தாண்டாது. காரணம் ஸ்பேனர். இந்த வண்டியின் வீல் நட் 21 மி.மீ. எம்14 நட் கடையில் 21-லும் கிடைக்கும், 22-லும் கிடைக்கும். 21 எடுத்தால் வண்டியின் வீல் ஸ்பேனரே ஸ்டெப்னியையும் இறக்கும். கடைக்குப் போகும்போது வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துப்போய் நட்டில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

சாதாரண நட் வேண்டாம், 4 செ.மீ. நீளமுள்ள இணைப்பு நட் போடுங்கள். சாதாரண நட்டுக்குக் கீழே போல்ட் மரை நீட்டிக்கொண்டு நின்றால் இரண்டு தொந்தரவு: ஸ்பேனர் குழிக்குள் போல்ட் முட்டி நட்டைப் பிடிக்காது, நீட்டிய மரையில் சேறும் துருவும் ஏறி நட் இறங்க மறுக்கும். நீள நட்டில் மரை முழுக்க உள்ளேயே ஒளிந்துவிடும். நட்டின் வாயில் கிரீஸ் திணித்து மேலே பழைய சைக்கிள் டியூப் துண்டை உறை மாதிரி இழுத்து விட்டால் போதும். எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே வைத்த கிரீஸ் மஞ்சளாகவே இருந்தது.

கொளச்சல் பக்கம் வள்ளத்துச் சாமான் விற்கிற கடைகளில் ஸ்டெயின்லெஸ் போல்ட், ஷாக்கிள் எல்லாம் கிடைக்கும், ஆசை வரும். போடலாம், இரண்டு எச்சரிக்கையோடு. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் போட்டுக் காய்ந்தபடி இறுக்கினால் மரை ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கிரீஸ் இல்லாமல் மாட்டவே கூடாது. இன்னொன்று, உப்புத்தண்ணீரில் ஸ்டெயின்லெஸ்ஸும் சாதா இரும்பும் ஒட்டி நின்றால் அரிப்பு சாதா இரும்பைத்தான் தின்னும். போல்ட் மினுங்கிக்கொண்டே இருக்கும், அதைத் தாங்கும் தகடு சல்லடையாகும். நடுவே நைலான் வாஷர் வேண்டும்.

பெயின்டில் சுருக்கமாக: கம்பி பிரஷ், தின்னர் துடைப்பு, சிங்க் குரோமேட் பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு கோட். அவசரப்பட்டு அன்றைக்கே மாட்டாமல் இரண்டு நாள் காயவிட வேண்டும்.

சக்கரத்தை உட்கார வைப்பது

டயரின் மேல்முகம் படுகிற இடத்தில் பழைய லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு மூன்று, 2 செ.மீ. கனம், குறுக்குச் சட்டத்தில் கவுண்டர்சங்க் போல்ட் போட்டுப் பதித்தது. கூடையை இறுக்கும்போது டயர் இந்த ரப்பரில் அழுந்தி நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஒரு உபகாரமும் கிடைக்கும். ஸ்டெப்னியில் காற்று குறைந்தால் டயர் தளரும், அழுத்தம் போகும், கூடை லடலடவென்று ஆட ஆரம்பிக்கும். சத்தம் வந்தால் நட்டை இறுக்கிவிட்டுப் போவதுதான் வழக்கம். முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். நட் தானாகக் கழன்றிருப்பது அபூர்வம்.

வால்வு கீழே பார்த்து, பம்பர் பக்கமாக இருக்கட்டும். கூடையின் பட்டை வால்வை மறைக்காத மாதிரி சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். இது அற்பமாகத் தெரியும், ஆனால் காற்று பார்க்க ஸ்டெப்னியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். படுத்துக் கையை நீட்டினால் கேஜ் எட்ட வேண்டும். வால்வுக்கு உலோக மூடி வேண்டாம், உப்பில் மூடியும் மரையும் ஒன்றாகிவிடும். பிளாஸ்டிக் மூடி நல்லது.

காற்று: பின்சக்கரத்துக்கு முழு லோடில் சொன்ன அளவுக்கு மேல் 5 பி.எஸ்.ஐ. கூட வைக்கலாம், டயர்ச் சுவரில் எழுதிய உச்சத்தைத் தாண்டாமல். எந்த டயரும் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பி.எஸ்.ஐ. விடும். கூட வைத்தது இரண்டு மூன்று மாதத்துக்குக் காப்பு. பஞ்சர் கடைக்காரர் போடுகிற சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குத்தான். அதற்கு மேல் காற்று கேட்கிற டயருக்கு உலோக வால்வு போடச் சொல்லுங்கள்.

மீன்தண்ணீர்

சக்கரம் படுத்துக் கிடக்கும்போது அது ஒரு தட்டு. ரிம்மும் நடு டிஸ்க்கும் சேரும் இடத்தில் வளையமாக ஒரு பள்ளம் உண்டு, அங்கே விரலை விட்டு வழித்தால் வருவது ஒரு கருப்பு விழுது: டீசல் கரி, செம்மண், செதில், ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர். இடவப்பாதியிலும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம்) ஐப்பசியிலும் மழை இதைக் கொஞ்சம் கழுவும். மழை இல்லாத மாசி, பங்குனியில்தான் உப்பு கெட்டியாகிப் பெயின்டுக்கு அடியில் நுழையும். இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டத்தில் துருவுக்கு மழையைக் குற்றம் சொல்வது வழக்கம், மீன்வண்டியில் அது பாதி உண்மைதான்.

ட்யூப்லெஸ் டயரில் துரு ரிம்மின் விளிம்பில், ரப்பர் உட்காரும் இடத்துக்குள் நுழைந்தால் ஓட்டையே இல்லாமல் காற்று போகும். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி வரும். இதற்குப் பஞ்சர் ஒட்டிப் பயன் இல்லை. டயரைக் கழற்றி, விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, பிரைமர் போட்டுக் காயவைத்து, பீட் சீலர் தடவி மாட்ட வேண்டும். குழி விழுந்துவிட்ட ரிம் என்றால் மாற்றுவதுதான்.

அதைவிடத் தண்ணீரையே தள்ளிவிடுவது மேல். ஐஸ்பெட்டியின் வடிகால் ஸ்டெப்னிக்கு நேர் மேலே இருந்தது. 1 இஞ்ச் ஹோஸ் போட்டு அதைச் சேஸிஸின் வெளிப்பக்கம் கட்டிய 20 லிட்டர் கேனுக்குத் திருப்பி, கேனில் குழாய் வைத்தது. ரோட்டில் ஒழுகவிட்டால் பின்னால் பைக்கில் வருகிறவர் வழுக்குவார், நாற்றத்துக்கு ஊரும் சண்டைக்கு வரும். ஸ்டெப்னியின் மேல்முகத்துக்கு 3 மி.மீ. ரப்பர் ஷீட் வட்டமாக வெட்டி மூடியாக விரித்தது. ஷீட்டின் நடுவே ஓட்டை போடாதீர்கள், தண்ணீர் நேராக ரிம்முக்குள் போகும்.

கழிவு எஞ்சின் ஆயிலைக் கூடைக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து அடிக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. இரும்புக்கு ஏதோ கொஞ்சம் பலன் இருக்கலாம், டயர் ரப்பர் ஆயிலில் ஊறி உப்பும், இளகும். கிரீஸ் கீலுக்கும் மரைக்கும் மட்டும்.

வழியில் இறக்குவது

ஹேண்ட்பிரேக், கியர், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். வண்டியை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட வேண்டும். ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் கை போகவே கூடாது. மண் இளகிப் பம்பர் ரொம்பத் தாழ்ந்திருந்தால் 5 செ.மீ. கனப் பலகையில் பஞ்சரான சக்கரத்தை மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். அந்த உயரம் போதும், இதற்காகவே ஒரு பலகைத் துண்டு வண்டியில் கிடக்கட்டும்.

கூடையின் பின்பைப்புக்கு அடியில் ஜாக்கியின் தலையையோ முழங்காலையோ கொடுத்து இரண்டு நட்டையும் தளர்த்துங்கள். மொத்தப் பாரத்தில் பாதியைக் கீல் வாங்கிக்கொள்வதால் கையில் வருவது 16 கிலோ அளவுதான். போல்ட்டைப் பள்ளத்திலிருந்து தள்ளிவிட்டால் கூடை தரையில் சாயும், சக்கரம் சரிவில் தானே வழுக்கி வரும். வீல் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே கால் சுற்று தளர்த்தி, பிறகு ஜாக்கி. எடுத்த ஸ்டெப்னியை மாட்டும் நேரம் வரைக்கும் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். மாற்றிய பிறகு 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி இறுக்க வேண்டும்.

பஞ்சரான சக்கரத்தைக் கூடையில் ஏற்றும்போது டயர் தளர்ந்திருக்கும், ரப்பரில் சரியாக அழுந்தாது. நீள நட்டில் இருக்கிற மிச்சம் இதற்குத்தான். அப்படியும் ஆடினால் ரப்பருக்கும் டயருக்கும் நடுவே மடித்த சாக்கு வைத்து இறுக்கிவிட்டு அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னும் வின்ச் வைத்த வண்டியில் கேபிள் இறுகி இறங்காவிட்டால் படுத்துக்கொண்டு கேபிளை அறுக்க ஆரம்பிக்காதீர்கள். 25 கிலோ நெஞ்சில் விழும். முதலில் இன்னொரு ஜாக்கியை ஸ்டெப்னிக்கு அடியில் முட்டுக் கொடுத்துப் பாரத்தை அதில் ஏற்றி, துரு இளக்கும் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிஷம் விட்டு, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று ஆட்டிப் பாருங்கள். ஒரே பக்கமாகப் பலம் கொடுத்தால் லிவர் மாட்டும் சதுரம் உருண்டுவிடும், அதன் பிறகு அறுப்பதைத் தவிர வழி கிடையாது.

அப்புறம் கவனிக்க வேண்டியவை

மாதம் ஒரு தடவை காற்று, கூடவே காலால் ஒரு எத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக்க இறக்கி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பிரஷர் பம்பை மேலிருந்து அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போகும், கீழிருந்து அடிக்க வேண்டும். கழுவிய கையோடு கீலை ஆட்டிப் பார்த்து, ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. சேஸிஸ் போல்ட் தலையில் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால் நகர்ந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஸ்டெப்னி ஓடாமலே கிழடு தட்டும். டயர்ச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு வருஷம் தாண்டினால் பட்டன் புதிதாக இருந்தாலும் சுவரை வளைத்து வெடிப்பு பார்க்க வேண்டும். அதற்குள் ஐந்து சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்சியில் விட்டால் ஸ்டெப்னியும் வீணாகாது, மற்ற நான்கும் அதிக நாள் வரும். தேய்ந்து 1.6 மி.மீ. அடையாளக் கட்டையைத் தொட்ட டயரை ‘ஸ்டெப்னிக்கு ஆகட்டும்’ என்று அடியில் தூக்கி வைப்பது வீண்பாரம், எஃப்.சி.யிலும் (தகுதிச் சான்றுச் சோதனை) நிற்காது.

ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் விதி மாறிவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் உள்ள, டிரைவரைத் தவிர எட்டு பேருக்கு மிகாத, மூன்றரை டன்னுக்குள் இருக்கிற பயணி வண்டிகளுக்கான சலுகை அது. சரக்கு வண்டிக்குப் பொருந்தாது.

திருட்டுக்கு: இரண்டு நட்டில் ஒன்றுக்குப் பித்தளைப் பூட்டு. இரும்புப் பூட்டு இந்தக் காற்றில் ஒரு வருஷம் தாங்காது. சாவித் துவாரம் கீழே பார்த்து நிற்கட்டும், கிராஃபைட் பொடி போடுங்கள், எண்ணெய் ஊற்றினால் மணல் ஒட்டிக்கொள்ளும். மேலே டியூப் உறை. ஒரு சாவி வீல் ஸ்பேனரோடு கம்பியில் கட்டி டூல்ஸ் பையில் இருக்க வேண்டும். இன்னொன்று முதலாளி வீட்டு ஆணியில் தொங்கினால் தொங்கட்டும்.